தடைக்காலத்தில் நாகை: மீன் எங்கிருந்து வருகிறது, நிவாரணம் யாருக்குப் போகிறது?

வெளிப்பாளையத்தான் (ஏப்ரல் 19)

விசைப்படகெல்லாம் கட்டியாயிற்று. மீன்பிடித் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வருஷா வருஷம் வருவதுதான். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது, அதனால் இந்த இழை.

எங்கள் தெருவுக்கு அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அக்கரைப்பேட்டை ஏலத்தில் எடுத்து வீடு வீடாக விற்பவர். நேற்று வந்தபோது கூடையில் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு மட்டும். நிவாரணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். "அது கடலுக்குப் போறவங்களுக்கு தம்பி, எனக்கு யாரு தருவா" என்றார். கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் கடலுக்குப் போக ஆளே இல்லை.

இவர் போன்றவர்களுக்கு உண்மையிலேயே எதுவும் கிடையாதா, இல்லை யாரும் எடுத்துச் சொல்லவில்லையா? அப்புறம், படகே போகாதபோது மார்க்கெட்டில் வஞ்சிரமும் பாறையும் பெட்டி பெட்டியாக இறங்குகிறதே, அது எந்த ஊர் மீன்? விலையும் பழைய விலை இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கீச்சாங்குப்பத்துக்காரன் (ஏப்ரல் 19)

அக்கா சொன்னது பாதி சரி. தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. 5000 ஆக இருந்ததை 8000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். கடலுக்குப் போவதுதான் தொழில் என்று காட்ட வேண்டும், அட்டை இருக்க வேண்டும், வங்கிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் பணம் எங்கேயோ நின்றுவிடும்.

துறைமுகத்தில் இப்போது வந்து பாருங்கள். கடுவையாற்று ஓரம் முழுக்கப் படகு. சிலதைக் கரையேற்றி அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டுகிறார்கள். சிலதுக்கு இஞ்சினையே கழற்றியாயிற்று. பெயிண்ட் வாசனை, வெல்டிங் வெளிச்சம், நிழலில் உட்கார்ந்து வலை முடிகிற கூட்டம். படகு ஓனருக்கு இது முழுக்கச் செலவு மாதம். தச்சர், வெல்டர், மெக்கானிக்குக்கு மட்டும் சீசன்.

எங்களைப் போல படகில் போகிற தொழிலாளிக்கு வலை வேலை கொஞ்சம் கிடைக்கும், தினமும் கிடைக்காது. மீதிக்கு ஓனரிடம் முன்பணம். ஜூனில் கடலுக்குப் போனதும் பங்கிலிருந்து பிடிப்பார். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன். இந்த முடிச்சு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரே நிம்மதி, இந்த 61 நாளும் இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று யாரும் ராத்திரியில் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். அம்மா நன்றாகத் தூங்குகிறாள்.

சும்மா_ஒருத்தன் (ஏப்ரல் 19)

மீன் இல்லாவிட்டால் இரண்டு மாதம் கோழி சாப்பிட்டால் ஆயிற்று. இதற்கு ஒரு இழையா?

நீலா_தெற்கு_வீதி (ஏப்ரல் 19)

தம்பி, அந்தக் கோழிக்குத் தீவனமே நம் துறைமுகத்துச் சங்காயம்தான் (வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன்).

மீன்வள_மாணவி (ஏப்ரல் 20)

மீன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இங்கே மீன்வளப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறேன். (2012 முதல் தலைமையிடமே நாகையில் இருக்கிறது. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதை இன்னும் "அந்த மீன் காலேஜ்" என்றுதான் சொல்கிறார்கள்.)

கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் தடைக்காலம் ஒரே நேரத்தில் வராது. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. காரைக்காலுக்கும் ஆந்திராவுக்கும் இதேதான். மேற்குக் கரையில் தடை ஜூனில் ஆரம்பித்து ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டமே இரண்டாகப் பிரியும்: கிழக்குப் பக்கம் நம் கணக்கு, குளச்சல், முட்டம் இருக்கிற மேற்குப் பக்கம் அந்தக் கணக்கு. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அங்கே படகு ஓடுகிறது, நமக்கு ஓடவில்லை. நீங்கள் பார்க்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை கேரளா, குளச்சல் பக்கத்திலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வருபவை. லாரி வாடகை, ஐஸ், இடையில் இரண்டு கை மாறுதல் எல்லாம் விலையில் ஏறுகிறது.

தடை நியாயமா என்று வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2001ல் 45 நாளாக ஆரம்பித்து, 2017ல் 61 நாளாக நீண்டது. பல மீன் இனங்களுக்கு இது முட்டையிடும் காலம். இழுவைமடி வலை கடலடியை வழித்துக்கொண்டு போவதால் குஞ்சும் தாயும் சேர்ந்து வந்துவிடும், அதைக் கொஞ்சநாள் நிறுத்துவதுதான் நோக்கம். எல்லா இனமும் இதே மாதத்தில் முட்டையிடுவதில்லை என்பதும் உண்மைதான். அதனால் அக்டோபர், நவம்பர் மழைக்காலத்துக்குத் தடையை மாற்றினால் என்ன, அப்போது எப்படியும் பாதி நாள் கடலுக்குப் போக முடியாதே என்று கேட்பவர்களும் உண்டு.

வெளிப்பாளையத்தான் (ஏப்ரல் 20)

நன்றி தங்கச்சி. தூரத்திலிருந்து வரும் மீனில் மருந்து அடிக்கிறார்கள் என்கிறார்களே, அது நிஜமா?

மீன்வள_மாணவி (ஏப்ரல் 20)

எல்லா மீனிலும் இல்லை, ஆனால் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. 2018ல் கேரளாவில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கென்றே காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியது. மீன் மேல் தேய்த்து, அதோடு வரும் திரவத்தை விட்டால் நிறம் மாறிக் காட்டிவிடும்.

வீட்டில் பார்ப்பதற்கு நம் அம்மாக்கள் செய்வதே போதும். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கண் குழிந்திருக்கிறதா பார்க்கலாம், சதையை அழுத்தினால் மேலே வருகிறதா பார்க்கலாம். ஒன்று மட்டும் நான் சேர்ப்பேன்: நாள்பட்ட மாதிரி இருக்கிற மீனில் மீன் வாசனையே வரவில்லை, ஈயும் உட்காரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

நம்பியார்_நகர்_ஃபைபர் (ஏப்ரல் 21)

எல்லாரும் லாரி மீனைப் பற்றியே பேசுகிறீர்கள், நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்? தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது. காலையில் கரைக்கு வாருங்கள். மத்தி, கவலை, சங்கரா, நண்டு, அன்றன்றைக்குக் கிடைப்பது வரும். பெரிய மீன் கம்மி, ஆனால் வலையிலிருந்து எடுத்த கையோடு விற்கிறோம். எங்கள் துறைமுகமே நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் பங்குத்தொகை போட்டுக் கட்டியது, அதையாவது வந்து பாருங்கள்.

இன்னொன்று, கோலா வரப்போகிறது. இந்த ஊரில் பிறந்துவிட்டு கோலா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறகு விரித்துத் தண்ணீருக்கு மேலே பறக்கும் மீன். கோடையில் ஆழக் கடலுக்குப் போய், தழையைக் கட்டு கட்டாகக் கட்டித் தண்ணீரில் மிதக்க விடுவோம். அதில் முட்டை வைக்கக் கூட்டமாக வரும், அப்படியே அள்ள வேண்டியதுதான். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனார். இப்போது இஞ்சின், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல காரம் போட்டுக் குழம்பு வைத்தால் லாரி வஞ்சிரம் பக்கத்தில் நிற்காது.

மீன்வள_மாணவி (ஏப்ரல் 21)

அண்ணே, கோலா முட்டை வைக்க வரும்போதுதான் அள்ளுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். :)

நம்பியார்_நகர்_ஃபைபர் (ஏப்ரல் 21)

படித்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கவே கூடாது.

துபாய்_நாகைக்காரன் (ஏப்ரல் 23)

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. கட்டட வேலைக்கு மழையில் இரண்டு மாதம் வேலை இருக்காது, அவனுக்கு யார் நிவாரணம் தருகிறார்கள்? இங்கே வெயில் காலத்தில் எங்களுக்கு மதியம் வேலை நிறுத்தம் உண்டு, வீட்டுக்கு அனுப்பும் பணத்தை யாரும் கூட்டித் தருவதில்லை. மீன் பெருகினால் லாபம் மீனவருக்குத்தானே? தன் கடலைத் தானே காப்பாற்றிக்கொள்ள அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கீச்சாங்குப்பத்துக்காரன் (ஏப்ரல் 23)

8000ஐ 61ஆல் வகுத்துப் பாருங்கள் அண்ணே. ஒரு நாளைக்கு 131 ரூபாய், அதுவும் குடும்பம் முழுவதுக்கும். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் நாங்கள் சும்மா படுத்துக்கொண்டு வாங்குகிற மாதிரி இருக்கிறது.

கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போடவில்லை, மழைதான் நிறுத்துகிறது. எங்களைச் சட்டம் போட்டு நிறுத்துகிறார்கள். மீறினால் படகைப் பிடிப்பார்கள், டீசல் மானியத்தை நிறுத்துவார்கள். நிறுத்தினவர்தானே சோறு போட வேண்டும்?

மழைக்காலத்துக்கும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சேமிப்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் 1500 கட்டுகிறோம், அரசு 3000 சேர்க்கிறது, 4500 ஆகத் திரும்புகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் காசு.

துபாய்_நாகைக்காரன் (ஏப்ரல் 23)

அந்த 131 கணக்கு எனக்குத் தெரியாது. சரி. ஆனால் மீன் விற்கும் அந்த அக்காவுக்கு அந்த 131கூட இல்லையே? ஏலக்காரர், ஐஸ் உடைக்கிறவர், ட்ரை சைக்கிள்காரர் யாருக்கும் இல்லை. உத்தரவு அவர்களையும் சேர்த்துத்தானே நிறுத்தியது? உங்கள் நியாயப்படியே பார்த்தால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

கீச்சாங்குப்பத்துக்காரன் (ஏப்ரல் 23)

இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

நாகூர்_நானா (ஏப்ரல் 24)

இளந்தாரிகள் சண்டை போடுங்கள், நான் நடுவில் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன்.

இந்த ஊருக்குக் கப்பல் ஒன்று போனால் இன்னொன்று வரும். ரஜூலா கப்பல் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். எங்கள் தெருவில் பாதி வீடு அந்தக் கப்பல் காசில் கட்டியது. பிறகு சிதம்பரம் கப்பல். அதில் 1985ல் தீப்பிடித்தது, அத்தோடு அந்த ஓட்டமும் முடிந்தது. பிறகு பல வருஷம் துறைமுகத்தில் ஆளைக் காணோம். 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி கப்பல் விட்டார்கள், மேளதாளம் எல்லாம் உண்டு, சில நாளில் மழையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல். வடகிழக்குப் பருவம் வந்தால் அதுவும் நிற்கும். ஏறுகிற ஆள் பெட்டியோடு இறங்கி நேராக பஸ் ஏறிப் போய்விடுகிறார். ஒரு டீ குடிக்கக்கூட ஊருக்குள் வருவதில்லை.

மீன் அப்படி இல்லை. படகு நின்றால் ஊரே நிற்கிறது, பாருங்கள். எங்கள் பட்டினச்சேரியில் 2023 மார்ச்சில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கரையெல்லாம் கறுப்பானபோது, கடலுக்குப் போகாமல் சனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைத்தெருவில் மளிகை வியாபாரம் வரைக்கும் படுத்துவிட்டது. ஐஸ்காரருக்கும் டீக்கடைக்கும் பங்கு இல்லை என்று யார் சொன்னது?

பருத்தித்துறையான் (ஏப்ரல் 25)

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம். சிவகங்கையில் வந்து வேளாங்கண்ணிக்குப் போனவன் என்பதால் உங்கட ஊரைக் கொஞ்சம் தெரியும். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த 61 நாளும் எங்கட சனத்துக்குத்தான் பெரிய நிவாரணம். மற்ற நாட்களில் இந்திய ரோலர் (இழுவைப் படகு) வருமா என்று பார்த்துப் பார்த்துத்தான் வலை விடுகிறது. இரவில் விட்ட வலை விடிய இருக்குமா என்று சொல்ல ஏலாது. ஒரு வலை அறுந்தால் அதைத் திரும்ப எடுக்க எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட நாட்டில் இழுவைமடியை 2017லேயே சட்டம் போட்டு நிறுத்தினது. அதில் எங்கட ஆட்களும் தொழில் இழந்தவை.

கைது செய்வதில் எனக்குச் சந்தோசம் இல்லை. சிறையில் இருப்பவனும் கூலிக்கு வந்த ஏழைதான். ஆனால் கீச்சாங்குப்பத்துத் தம்பி தன் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறா என்று எழுதியிருந்தார். எங்கட அம்மாவும் இப்பத்தான் தூங்குகிறா, தம்பி.

சும்மா_ஒருத்தன் (ஏப்ரல் 25)

கச்சத்தீவைக் கொடுத்தது யார் என்று முதலில் பேசுவோமா?

நெறியாளர் (ஏப்ரல் 25)

வேண்டாம். அதற்கு ஏற்கெனவே இரண்டு இழை உண்டு, இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே தடைக்காலம் மட்டும்.

கீச்சாங்குப்பத்துக்காரன் (ஏப்ரல் 26)

அண்ணை எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

எல்லா நாகை படகும் அங்கே வருவதில்லை, ஆனால் வருகிற படகு வருகிறது, அதை மறைக்க முடியாது. இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 80 லட்ச ரூபாயில் சூரைமீன் பிடிக்கும் தூண்டில் படகு. மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, நம் கை 10. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையிலிருந்து 8 லட்சம், கடன் 16 லட்சம். அதோடு பழைய படகை ஒப்படைக்க வேண்டும். தூண்டில் வேலை வேறு, மடி இழுக்கிற வேலை வேறு. ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கல், பிடித்த சூரையை நல்ல விலைக்கு எடுக்க இங்கே ஆள் வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் படகு இருக்கிற கடற்கரையில் எத்தனை பேர் துணிவார்கள்? ரொம்பக் கொஞ்சம் பேர்தான் மாறினார்கள்.

வேளாங்கண்ணி_லாட்ஜ் (மே 3)

நம்ம பக்கத்துப் புலம்பலையும் கேளுங்கள். பள்ளி விடுமுறை, கோவிலுக்குக் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கடற்கரையில் வறுத்த மீன் எங்கே கிடைக்கும் என்பதுதான். கடைக்காரர்கள் பாவம், லாரி மீனைத்தான் மசாலா தடவி அடுக்கி வைக்கிறார்கள். இறால் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கிறது, ஆனால் அது குட்டையில் வளர்த்த வனாமி. கடல் இறால் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், நானும் வாயைத் திறப்பதில்லை.

மீன் எடுக்க அக்கரைப்பேட்டைக்கு வண்டி எடுத்துப் போனால் ரயில்வே கேட். மேம்பால வேலை இழுத்துக்கொண்டே போன கதை இங்கே எல்லோரும் அறிந்ததுதான். ஐஸ் உருகுகிற வேகத்துக்கும் கேட் திறக்கிற வேகத்துக்கும் போட்டி வைத்தால் ஐஸ்தான் ஜெயிக்கும்.

நீலா_தெற்கு_வீதி (மே 3)

கேட்டில் நிற்கிற ஆம்புலன்ஸை நினைத்துப் பாருங்கள். இந்தக் கரையிலிருந்து ஒரத்தூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். கல்லூரி வந்தது நல்லதுதான், 2022ல் திறந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஊருக்கு நடுவில் இருந்தால் நடந்தே போயிருப்போம்.

நெறியாளர் (மே 3)

ஒரத்தூருக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அங்கே வாருங்கள்.

கருவாட்டுக்கடை_அக்கா (மே 6)

இழை முழுவதும் படித்தேன். முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆம்பளைகள் கச்சத்தீவு வரை போய்விட்டு வந்துவிட்டீர்கள்.

தம்பி வெளிப்பாளையம், அந்த அக்காவுக்குத் தடைக்கால நிவாரணம் கிடைப்பது கஷ்டம். வீட்டில் கடலுக்குப் போகிறவர் இல்லையென்றால் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பெண்களுக்கென்று தனியாகச் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் போதும். ஆண்களுக்குப் போலவே 1500 கட்டினால் 3000 சேர்ந்து வரும். வயது 18லிருந்து 60க்குள், ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும். கணவர் இல்லையே என்று தயங்க வேண்டாம், சங்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

இரண்டாவது, மீனவர் நலவாரியம். 2007ல் போட்ட சட்டம். மீன்பிடிக்கிறவர் மட்டும் இல்லை, மீன்பிடி சார்ந்த தொழில் செய்கிற தொழிலாளரும் அதில் வருவார்கள். மீன் விற்பது, கருவாடு போடுவது, வலை பின்னுவது எல்லாம் சார்ந்த தொழில்தான். அது மாதாமாதம் காசு தருகிற வாரியம் இல்லை. விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு என்று வரும்போது உதவும். கையில் ஒரு அட்டை இருப்பதே பெரிய விஷயம். நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

சிக்கல் எங்கே என்றால், சுனாமிக்குப் பிறகு நிறையப் பேர் கரையை விட்டுத் தள்ளிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். சங்கம் பழைய ஊரில், வீடு புது ஊரில். விடிகாலையில் ஏலத்துக்கு வர பஸ் பிடிக்க வேண்டும். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அது பெரிய உபகாரம். ஆனால் மீன் கூடையைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற கண்டக்டரும் இருக்கிறார். எனக்கு டிக்கெட் வேண்டாம், கூடைக்கு வேண்டுமானால் டிக்கெட் போடு என்று ஒருத்தி சண்டையே போட்டாள்.

கருவாடு வேண்டுமென்றால் இப்போதே வாங்கி வையுங்கள். வெயில் கொளுத்துகிறது, காயப் போட மீன்தான் இல்லை. தடைக்கு முன்னால் போட்ட சரக்குதான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. மே கடைசியில் நல்ல நெத்திலி கிடைக்காது. இது வியாபாரத்துக்காகச் சொல்வது இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஐஸ்பார் (மே 7)

அக்கா சொன்ன வாரியம் எங்களுக்கு உதவுமா? நான் திருமருகல் பக்கம். மீனவர் சாதி இல்லை, கடலில் கால் வைத்ததில்லை. ஐஸ் ஏற்றி இறக்குவதுதான் வேலை. படகு நின்றதும் ஐஸ் கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். கொடுத்தால் நூறு நாள் வேலை, இல்லையென்றால் அறுவடை மிஷின் பின்னால் வைக்கோல் கட்டப் போகிறோம். கேட்டால் "நீ மீனவன் இல்லை" என்கிறார்கள். ஊரில் கேட்டால் "நீ விவசாயக் கூலி இல்லை, துறைமுகத்துக்குப் போகிறவன்" என்கிறார்கள்.

கருவாட்டுக்கடை_அக்கா (மே 7)

உங்கள் வேலை சார்ந்த தொழில் என்று அதிகாரி ஒத்துக்கொண்டால் மீனவர் வாரியத்திலேயே சேரலாம். மீன்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அங்கே முடியாவிட்டால் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. சுமை ஏற்றி இறக்குகிறவர்கள் அதில் வருவார்கள். அது தொழிலாளர் துறை. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

தடைக்காலத்துக்குத் தனியாகக் காசு இரண்டிலும் இல்லை. அதை நான் மறைக்கவில்லை.

துபாய்_நாகைக்காரன் (மே 7)

அப்படியென்றால் நான் ஏப்ரலில் கேட்டதற்குப் பதில் "இல்லை" என்பதுதான்.

கீச்சாங்குப்பத்துக்காரன் (மே 8)

ஆமாம். ஊர்ப் பஞ்சாயத்தில் நிவாரணத்தை உயர்த்தச் சொல்லி மனு எழுதும்போது ஐஸ்காரரையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவர் ஒருவர், "நம்ம பங்கில்தானே பிரிப்பான்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பெட்டி தூக்க ஆள் இல்லாவிட்டால் நாம் பிடித்த மீனை யார் ஏற்றுவது? மறுபடியும் பேசுவேன்.

நம்பியார்_நகர்_ஃபைபர் (மே 19)

கோலா வந்தாச்சு. வேண்டியவர்கள் காலையில் வாருங்கள். மாணவிக்கு இலவசம்.

மீன்வள_மாணவி (மே 19)

பரீட்சை இருக்கிறது, இல்லாவிட்டால் வந்திருப்பேன். முட்டை இல்லாததாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.

வெளிப்பாளையத்தான் (ஜூன் 10)

முதலில் எழுதியவன் முறையில் நிலவரம் சொல்கிறேன். கருவாட்டுக்கடை அக்கா எழுதியதை அந்த மீன்கார அக்காவிடம் படித்துக் காட்டினேன். மகளிர் சங்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் கணவர் போனபிறகு தன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். பெயரை எடுக்கவில்லை, சந்தா கட்டாமல் விட்டதில் நின்று போயிருக்கிறது. புதுப்பிக்கலாம், அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். கூட்டம் எப்போது என்று கேட்டால் சரியான பதில் இல்லை. படகு போகிற பரபரப்பு முடியட்டும், ஜூன் கடைசியில் வாருங்கள் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

ஐஸ்பார் (ஜூன் 10)

இங்கே ஐஸ் உடைக்க ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மனு கொடுத்திருக்கிறேன், ரசீது வாங்கியாயிற்று. பார்ப்போம்.

கருவாட்டுக்கடை_அக்கா (ஜூன் 10)

காத்திருக்காதீர்கள் தம்பி. பழைய சந்தாவைக் கட்டிவிட்டு, பெயரைப் புதுப்பிக்கக் கேட்டு ஒரு மனு எழுதி, தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 14ந்தேதி ராத்திரிக்குள் போனால் சங்கத்தில் ஆள் இருப்பார்கள். படகு போனபிறகு எல்லோரும் ஏலத்தில்தான் நிற்பார்கள், உங்கள் அக்கா உள்பட.